நூற்றுப் பதினெட்டாம் பொருள்

மாடி அறையிலிருந்து இறங்கி வந்த அறிவிப்பாளர், தன் சைக்கிளின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்தார். வெள்ளை அட்டை, தடித்த நூல், சிவப்பு மையில் 118 என்று ஓர் எண். அதற்குக் கீழே ஒரு முத்திரை வேறு. மை இன்னும் காயவில்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அது அவருடைய சைக்கிள். மழைக்கு ஒதுங்கியவரிடம், வண்டியை ஏன் நனைய விடுகிறீர்கள் என்று அன்பாகக் கடிந்துகொண்டு, அதைக் கூடத்தின் நடுவிலேயே நிறுத்தச் சொன்னவர் அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர். இப்போது அதே காப்பாளர் சைக்கிளுக்குப் பக்கத்தில், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு," என்றார்.

நடந்தது இதுதான். ஆற்றைத் தூர் வாரியபோது கிடைத்த நாற்பது பாட்டில்களை அறிவிப்பாளர் மாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்துவிட்டார். இருப்புப் பதிவேட்டில் இருந்தவை நூற்றுப் பதினெட்டுப் பொருள்கள். எண்ணியதில் தேறியவை நூற்றுப் பதினேழு. கடைசி வரி ஈரம் பட்டு அழிந்துபோயிருந்ததால் அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்று குறைந்தாலும் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணெதிரே சைக்கிள் நின்றது. இதுதானே அது என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல சார். என் வாய் 'ஆமா'ன்னு சொல்லிடுச்சு."

அறிவிப்பாளர் சிரித்தார். இதற்குப் போய் இவ்வளவு கலக்கமா என்று கேட்டுக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தார். காப்பாளர் பாய்ந்து வந்து பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். எண் போட்ட பொருள் வாசற்படி தாண்டினால் அது திருட்டாம். காப்பாளருக்கு வேலை போய்விடுமாம். அதிகாரி பக்கத்து அறையில்தான் டீ குடித்துக்கொண்டிருக்கிறாராம். ஒரு வார்த்தை பக்குவமாகப் பேசினால் சரியாகிவிடுமாம்.

பேசுவதற்கு அறிவிப்பாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பெரிய ரயில் சந்திப்பில் முப்பத்தொரு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்தவர் அவர். நாட்டில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும், முகம் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை பேசினார். ஒரு தடவைகூட யாரும் பதில் சொன்னதில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டிலும் அதே கதையாகிவிட்டது. சுவரோடு பேசிப் பார்த்தார். ரயில் பயணிகளே தேவலை என்று தோன்றியது.

அதனால்தான் சைக்கிளை எடுத்தார். கடற்கரையோரம் நாட்டின் மறுகோடியில் இருந்த ஊரில் அவர் மகள் இருந்தாள். பஸ்ஸில் ஏறினால் ஒரே நாளில் போய் இறங்கிவிடலாம். சீக்கிரம் போனால் சீக்கிரம் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால், அவர் இருபத்தாறு நாள் கணக்குப் போட்டுப் புறப்பட்டார். மகளுக்கு வேலை அதிகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு ஞாயிறை நம்பித்தான் இத்தனை நாள் மிதித்தார்.

வழியில் சின்னச் சின்ன அருங்காட்சியகம் எது தென்பட்டாலும் நுழைந்துவிடுவார். பழம்பொருள் மேல் அவருக்குப் பெரிய பைத்தியம் ஒன்றும் கிடையாது. பத்து மணி முதல் ஐந்து மணி வரை ஒரு மனிதர் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் இடம் உலகத்திலேயே அதுதான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு கேள்வியாவது கேட்பார்கள். பித்தான்களுக்கு ஓர் அருங்காட்சியகம் பார்த்தார். ஏழே ஏழு செங்கல் வைத்த ஒன்றைப் பார்த்தார். எல்லா இடத்திலும் அவர் ஒருவர்தான் பார்வையாளர். அவர் ஓர் அறைக்குள் போனால் விளக்கைப் போடுவார்கள், வெளியே வந்தால் அணைத்துவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வோர் அறையாக இருண்டுகொண்டே வருவதைக் கேட்டபடி நடப்பது அவருக்குப் பழகிவிட்டது.

இந்த ஊரில் இருந்தது பதினைந்தாவது. ஒரு காலத்தில் எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் அலுவலகமாக இருந்த கட்டடம். எடைக்கற்கள், படிகள், சாவி இல்லாத மூன்று பூட்டுகள், ஊரின் முதல் பல் டாக்டருடைய நாற்காலி, மணிக்கூண்டிலிருந்து விழுந்த முள் ஒன்று. இப்போது ஒரு சைக்கிள். அன்று செவ்வாய்க்கிழமை. மகளின் ஊருக்கு இன்னும் ஒன்றரை நாள் மிதித்தால் போதும்.

அவர் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசினார். அதிகாரி ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. துப்புரவுக்கார அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, காலைத் தூக்குங்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். மற்றபடி ஆள் கறார். சைக்கிள் உங்களுடையது என்பதற்கு ரசீது எங்கே என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய சைக்கிளுக்கு ரசீதை யார் சுமந்துகொண்டு திரிவார்கள்?

"ரசீது எதுக்கு சார்? வண்டியில என் சாமான் பூரா இருக்கே. வந்து பாருங்க," என்றார் அறிவிப்பாளர்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்போதுதான். அதிகாரி வந்து பார்த்தார். இருக்கையை இரண்டு விரலால் அழுத்தி, பஞ்சு படிந்துபோய்விட்டது என்று முணுமுணுத்தார். பிறகு பையிலிருந்து ஒவ்வொரு சாமானையும் எடுத்து வெளியே வைத்து, பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். துணிப்பை 118-அ. காற்றடிக்கும் பம்பு 118-ஆ. கெட்டில் 118-இ. கைப்பிடியில் காயப்போட்டிருந்த பனியன் 118-ஈ. மழையில் நனைந்து ஒன்பதாம் நாளே உயிரை விட்டிருந்த செல்போன் 118-உ. பணப்பை, பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் அட்டையை வைத்து, நூலை இழுத்து, அவிழ்க்கவே முடியாத ஒரு முடிச்சுப் போட்டார். சாயங்காலத்துக்குள் ஔ வரை வந்துவிட்டது. "நெடும்பயணத் தொகுதி, முழுமையானது, அரியது" என்று எழுதிக் கீழே கோடும் இழுத்தார்.

மாற்றுத் துணிகூட அரசாங்கச் சொத்தாகிவிட்ட மனிதர் எங்கே போவார்? காப்பாளர் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டே அறைகள். சாப்பிடும்போது அலமாரியிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்தார். அதில் படிந்திருந்த தூசியை அறிவிப்பாளர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வீட்டிலும் இரண்டாவது தட்டு அப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை வேறு வழியில் போய்ப் பார்த்தார்கள். யோசனை காப்பாளருடையது. பயன்பாட்டில் இருக்கும் பொருளைக் காட்சிப் பொருளாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் எங்கேயோ இருக்கிறதாம். அதிகாரி கண்ணெதிரே சைக்கிளை ஓட்டிக் காட்டிவிட்டால் தீர்ந்தது. அறிவிப்பாளர் கூடத்திலேயே ஏறி, பல் டாக்டர் நாற்காலியைச் சுற்றி ஓட்ட ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில், வழியில் பஸ் பஞ்சராகி நின்றுபோன பின்னல் சங்கத்துப் பெண்மணிகள் பதினோரு பேர் உள்ளே வந்தார்கள்.

அவர்கள் இதை ஏதோ ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்துக்கொண்டு சுற்றி நின்று கைதட்டினார்கள். கேள்வி வேறு கேட்டார்கள். மேட்டில் எப்படி ஏறுவீர்கள், நாய் துரத்தினால் என்ன செய்வீர்கள், தனியாகப் போகப் பயமாக இல்லையா? அறிவிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒற்றைக் காலை ஊன்றி நின்றபடியே ஒரு மணி நேரம் பதில் சொன்னார்.

அவர்களில் வயதான ஒரு பெண்மணி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேனே."

அறிவிப்பாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பயணிகளின் கனிவான கவனத்துக்கு," என்றார்.

"அட, நீங்கதானா? ஒரு தடவ நாலு மணி நேரம் தாமதம்னு சொன்னீங்க. அன்னிக்கு உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா?"

"மன்னிச்சுக்குங்கம்மா."

"அதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே, வருந்துகிறோம்னு."

"அன்னிக்கு நெஜமாவே வருத்தப்பட்டேன்மா," என்றார் அவர். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறடித்தது. மைக் முன்னால் ஒருநாளும் பிசிறாத குரல் அது.

இதையெல்லாம் அதிகாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண்மணிகள் போனதும் பதிவேட்டைத் திறந்து, "தொகுதியை விளக்கிக் காட்ட ஆள் உண்டு" என்று எழுதினார். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தன. அறிவிப்பாளரின் சட்டைப் பித்தானில் கட்டிய அட்டையில் 118-ஃ என்று இருந்தது. எந்த எழுத்தோடும் சேராமல் தனியாக நிற்கிற எழுத்துதான் தன் பங்குக்கு வந்தது என்று அவருக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில், காப்பாளரின் மேஜை மேலிருந்த தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டார். ஒரு சின்னச் சிக்கல், ஞாயிற்றுக்கிழமைக்குள் வர முடியுமா தெரியவில்லை என்றார். மனதுக்குள், என்னப்பா ஆச்சு என்று அவள் கேட்பாள், என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"பரவால்லப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றாள் அவள். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். வேலையாக இருக்கிறேன், வைக்கட்டுமா என்றாள். வைத்துவிட்டாள்.

அவர் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இருபத்திரண்டு நாள் மிதித்ததற்கு அரை நிமிஷம். அவர் கண் கலங்கியதைக் காப்பாளர் பார்த்துவிட்டார். எடைக்கல் ஒன்றை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து காப்பாளர் குட்டி போட்ட பூனை மாதிரி அங்குமிங்கும் அலைந்தார். எப்படியாவது அறிவிப்பாளரை அனுப்பிவைத்துவிட வேண்டுமாம். விதிப் புத்தகத்தைப் புரட்டி, பரணைக் குடைந்து, நீக்கல் படிவம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு கட்டம். சைக்கிள், பை, பனியன், ஆள் என்று எல்லாவற்றின் விவரத்தையும் அதிலேயே நிரப்ப வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து சாயங்காலம் வரை எழுதினார்கள். எழுதும்போதே பேச்சு எங்கெங்கோ போனது. காப்பாளருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். மழைக் காலத்தில் சில மாதம் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூட விழாதாம். அப்போதெல்லாம் பழைய பக்கங்களைப் புரட்டி, வந்துபோனவர்களின் கையெழுத்தைப் படித்துக்கொண்டிருப்பாராம். இதைச் சொல்லிவிட்டு, சும்மா பொழுது போகத்தான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"நீங்க வந்ததுல என்ன குறைஞ்சுபோச்சுண்ணே, நாலு வார்த்தை பேச முடியுது," என்றார் பிறகு. செவ்வாய்க்கிழமை சார், வியாழக்கிழமை அண்ணே. எப்போது மாறியது என்று இருவருக்குமே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை படிவம் தயார். கடைசிக் கட்டத்தில் பொருள் எண்ணை எழுத வேண்டியதுதான் பாக்கி. காப்பாளர் டீ கொண்டுவரப் போயிருந்தார். அறிவிப்பாளர் பேனாவை எடுத்தார். 118 என்று எழுதினால், மத்தியானம் சைக்கிள் கைக்கு வந்துவிடும். வந்தால்? கடற்கரை ஊரில் ஞாயிற்றுக்கிழமை இல்லை. வீட்டில் சுவர் இருக்கிறது.

மூன்று பிரதியிலும் 108 என்று, வட்டம் வட்டமாக, அழகான எழுத்தில் எழுதினார்.

ஒரு பொய் அறிவிப்புகூடச் செய்யாத மனிதர் அவர். ரயில் வராது என்று தெரிந்தால் வராது என்றே சொன்னவர். எழுதிய பக்கங்களைக் கவிழ்த்து வைத்தார். எண் தப்பு என்று அதிகாரி படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது காப்பாளரின் முகம் போன போக்கை அவரால் பார்க்க முடியவில்லை. காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் என்னால்தான் அண்ணே, நான் கவனித்திருக்க வேண்டும் என்றார். அறிவிப்பாளருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கபடு தெரியாத மனிதரைக் கூடவே இருந்து குழி பறிக்கிறோமே என்று அவர் மனசாட்சி அவரைப் பிய்த்துத் தின்றது. இருந்தாலும் மறுநாள் இன்னொரு படிவம் நிரப்புவார்கள், அதற்கு ஒரு நாள் முழுக்க ஆகும் என்ற நினைப்பு வந்தபோது, வெட்கமில்லாமல் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது, கூடத்தில் காப்பாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ம், ம் என்று கேட்டுக்கொண்டார். சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்றார். நான் சொல்கிறேன் என்று வைத்தார். வைத்த பிறகும் கை ரிசீவர் மேலேயே இருந்தது.

"உங்க பொண்ணுண்ணே. அன்னிக்கு ஆபீஸ்ல ஆளுங்க முன்னாடி பேச முடியலியாம். வச்ச அப்புறம் ரெண்டு நாளா மனசே கேக்கலியாம். உங்க போன் எடுக்கலன்னு பயந்துபோயி, நீங்க பேசின இந்த நம்பரத் தேடிப் புடிச்சிருக்கு. திங்கக்கிழமையும் லீவு போட்டுருச்சாம். எவ்வளவு லேட்டானாலும் அப்பா வரணும்னு சொல்லுச்சு."

அறிவிப்பாளர் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு இருந்தது. திங்களும் இருந்தது. கிளம்ப வேண்டும். ஆனால் படிவம் கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தது, புதிதாக நிரப்பவே ஒரு நாள் ஆகும், அதிகாரி கையெழுத்து அதற்கு அப்புறம்தான். தன் வினை தன்னையே சுட்டது. 108 என்று எழுதிய விரலைப் பார்த்தார்.

காப்பாளர் வெளியே போனார். பத்தே நிமிஷம். திரும்பி வந்தபோது கையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அதிகாரி ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார். சைக்கிளின் அட்டையை வெட்டினார். பை, பம்பு, கெட்டில், பனியன் என்று ஒவ்வொரு நூலாக வெட்டினார். கடைசியில் அறிவிப்பாளரின் சட்டைப் பித்தானுக்கு வந்தபோது கொஞ்சம் தாமதித்து, அதையும் வெட்டினார்.

நாலு நாளில் அசையாத மலை பத்து நிமிஷத்தில் எப்படி நகர்ந்தது என்று அறிவிப்பாளர் கேட்டார். கையைப் பிடித்துக் கெஞ்சினேன் என்றார் காப்பாளர். எனக்காக இப்படி ஒரு மனிதர் கெஞ்சியிருக்கிறாரே என்று அறிவிப்பாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. திரும்பி வரும்போது இந்த வழியாகத்தான் வருவேன் என்று மட்டும் சொன்னார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கண்ணே. பத்திரமாப் போங்க," என்றார் காப்பாளர். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, அணைக்க வேண்டும் என்று மாடிக்கு ஏறிப் போய்விட்டார். வாசல் வரை வரவில்லை.

வாசலில் துப்புரவுக்கார அம்மா படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் சைக்கிளை இறக்கி, பையை மாட்டி, பெடலில் கால் வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் மிதிக்க முடியாது என்று தோன்றியது. மெதுவாக அந்த அம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் போன அப்புறம் அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. படிவத்துல தப்பா எழுதினது நான்தான். வேணும்னே எழுதினேன். இங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கலாம்னு ஒரு ஆசை. பாவம், அந்த மனுஷன் என்னால அந்த அதிகாரிகிட்ட எவ்வளவு பாடுபட்டுட்டாரு."

அந்த அம்மா பெருக்குவதை நிறுத்தினார். மாடி ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதிகாரியா? அவர் எங்க வீட்டுக்காரர் சார், அடுத்த தெருவுல சோபா தைக்கிறாரு. போன மழைக்கு ஒதுங்கினவரோட குடைக்கும் ஐயா சொல்லி இப்படித்தான் வந்து நம்பர் போட்டாரு, அந்த ஆளு ரெண்டாம் நாளே குடைய விட்டுட்டு ஓடிட்டாரு."